மழை விட்டும் திருப்பாதிரிப்புலியூரில் தண்ணீர் வடியாதது ஏன்? வடிகாலை அகலப்படுத்தினால் மட்டும் போதுமா?

ஐப்பசி, கார்த்திகை வந்தால் கடலூரில் இரண்டு விதமான வெள்ளம் வரும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒவ்வொரு வருஷமும் ஒரே தீர்வையே பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒன்று ஆற்று வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.-க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாள் மழை கடலூரை விட்டுத் தள்ளிப்போனது. ஆனால் டிசம்பர் 2 அதிகாலையில் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. அந்தத் தண்ணீர் கடலூருக்கு வந்து ஆற்றோரப் பகுதிகளை மூழ்கடித்தது. கேமராக்கள் எல்லாம் அங்கே போயின. போகவேண்டியதுதான்.

இன்னொன்று தெரு வெள்ளம். இதற்கு அணை திறக்க வேண்டாம், புயல்கூட வேண்டாம். ஒரு நல்ல மழை மூன்று மணி நேரம் விடாமல் பெய்தால் போதும். முழங்கால் அளவுத் தண்ணீர். அதில் சாக்கடையும் கலந்திருக்கும். மழை விட்டு வெயில் அடித்தாலும் போகாது. உயிர்ச்சேதம் இல்லை என்பதால் செய்தியும் பெரிதாக வராது. ஆனால் தரைக்கடை போடுகிறவர்களுக்கு நாலு நாள் வருமானம் போயிருக்கும், தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவர்களின் மெத்தையும் ஃபிரிட்ஜும் வீணாகியிருக்கும், அடுத்த வாரம் காய்ச்சல் வார்டு நிரம்பியிருக்கும்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வெள்ளத்தைப் பற்றியது. திருப்பாதிரிப்புலியூரை வைத்துப் பார்ப்போம். சிதம்பரத்துக்கும், தமிழ்நாட்டின் கடலோர ஊர்கள் பலவற்றுக்கும் இதே கதைதான்.

ஊர் உட்கார்ந்திருக்கிற இடம் அப்படி

கடலூரின் வடக்கே தென்பெண்ணை. நடுவே கெடிலம். தெற்கே பரவனாறும் உப்பனாறும். கிழக்கே வங்கக்கடல். கெடிலத்தின் வடகரையில் மஞ்சக்குப்பம், தென்கரையில் திருப்பாதிரிப்புலியூர். பேருந்து நிலையம், ரயில் நிலையம், பாடலீஸ்வரர் கோயில், லாரன்ஸ் ரோடு கடைவீதி என்று ஊரின் நெரிசலான பகுதி எல்லாம் இங்கேதான்.

கல்லில் கட்டிக் கடலில் போடப்பட்ட அப்பர் மிதந்துவந்து கரையேறியது இந்த ஊரில்தான் என்பது ஐதீகம். அந்த இடத்துக்குக் 'கரையேறவிட்ட குப்பம்' என்றே பேர். இன்றைக்கு அங்கே நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் கடல் தெரியாது. ஐதீகம் ஒருபக்கம் இருக்கட்டும். ஆறும் கடலும் இடம் மாறி மாறிப் போட்ட மண்ணில் எழுந்த ஊர் இது என்பதை அந்தப் பேரே ஞாபகப்படுத்துகிறது.

இதனால் என்ன ஆகிறது என்றால், ஊர் தட்டையாக இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம்தான். தண்ணீர் தானாக ஓட வாட்டம் வேண்டும். ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம் கொடுத்து ஒரு வடிகால் கட்டினால், இரண்டு கிலோமீட்டர் போய்ச் சேரும்போது அதன் அடிமட்டம் இரண்டு மீட்டர் கீழே போயிருக்கும். தட்டையான ஊரில் அந்த இரண்டு மீட்டர் ஒரு பெரிய சொத்து. அதை அங்கே இங்கே வீணடித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம்

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, நெருக்கமாகக் கட்டப்பட்ட பகுதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை பெய்கிறது. வடகிழக்குப் பருவமழையில் கடலூருக்கு இது புதிதல்ல. விழும் தண்ணீர் 5 கோடி லிட்டர்.

அந்த இடம் முன்பு தோப்பும் வெற்று மணலுமாக இருந்தபோது, அதில் கால் பங்குபோலத்தான் ஓடிவந்திருக்கும். மிச்சம் மண்ணில் இறங்கும், பள்ளத்தில் தங்கும். இப்போது சிமெண்ட் தரை, தார் ரோடு, காங்கிரீட் கூரை. பத்தில் ஒன்பது பங்கு அப்படியே ஓடிவரும். அதாவது நொடிக்குச் சுமார் 12,500 லிட்டர்.

ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் உள்ள காங்கிரீட் வடிகால், குப்பை இல்லாமல், நான் மேலே சொன்ன வாட்டத்தோடு, முழுசாக ஓடினால் நொடிக்குச் சுமார் 1,000 லிட்டரைக் கொண்டுபோகும். அப்போ அப்படிப்பட்ட வடிகால் பன்னிரண்டு, பதின்மூன்று வேண்டும். நடைமுறையில் இருக்கும் தெரு வடிகால்கள் இதில் பாதி அகலம். அதிலும் பாதி மண், பாலிதீன், யாரோ விட்ட கழிவுநீர்க் குழாய், குறுக்கே போகும் கேபிள்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? மழை கூடவில்லை, தரைதான் மாறியது. அதுவே தண்ணீரை மூன்று நான்கு மடங்காக்கிவிட்டது. இதற்குமேல் மழையும் கூடிக்கொண்டிருக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும் என்பது அறிவியல். 2015 நவம்பர் 9-ல் பக்கத்து நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.-க்கு மேல் கொட்டியதையும் இந்த மாவட்டம் பார்த்துவிட்டது.

சரி, பெரிய வடிகால் கட்டிவிட்டால்?

இங்கேதான் சிக்கலே. பன்னிரண்டு வடிகாலையும் கட்டிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அவை எங்கே போய் விழும்? கெடிலத்தில், அல்லது உப்பனாற்றில். அங்கிருந்து கடலுக்கு.

கடலோரத்தில் கனமழை தனியாக வருவதில்லை. காற்றழுத்தத் தாழ்வோடு வரும். காற்று கடலைக் கரைப்பக்கம் தள்ளும். கடல் மட்டம் ஏறியிருக்கும். அதே நேரத்தில் ஏற்றமும் சேர்ந்துகொண்டால் முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணீர் வெளியே போக முடியாமல் திணறும். மேற்கே பெய்த மழை கெடிலத்தில் வந்து சேர்வதும் கிட்டத்தட்ட அதே சமயம், அல்லது சில மணி நேரம் கழித்து. ஆற்றின் மட்டம் வடிகாலின் வாய்க்கு மேலே போய்விடும்.

ஊருக்கு வடிகால் மிகவும் தேவைப்படும் அந்தச் சில மணி நேரத்தில்தான் அதன் வாய் அடைபட்டிருக்கும். பிறகு வடிகால் எவ்வளவு அகலமாக இருந்தால் என்ன? சொல்லப்போனால், வாயில் கதவு இல்லாத அகலமான வடிகால் ஆற்றுத் தண்ணீர் ஊருக்குள் வர நாமே போட்டுக்கொடுத்த பாதை.

கதவு போடலாம். ஊர்ப்பக்கமிருந்து தள்ளினால் திறக்கும், ஆற்றுப்பக்கமிருந்து தள்ளினால் தானே மூடிக்கொள்ளும் ஒருவழிக் கதவுகள் பல ஊர்களில் இருக்கின்றன. அவசியமும்கூட. ஆனால் கதவு மூடியிருக்கும் நேரத்தில் ஊருக்குள் பெய்யும் மழை உள்ளேயே நிற்கும்.

மோட்டார் வைத்து இறைத்தால்? மணிக்கு ஒரு லட்சம் லிட்டர் இறைக்கும் மோட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 5 கோடி லிட்டரை 20 மோட்டார் இரவும் பகலும் இறைத்தால் 25 மணி நேரம் ஆகும். மறுபடி மழை பெய்யாமல் இருக்கவேண்டும், டீசல் தீராமல் இருக்கவேண்டும். ரயில்வே சுரங்கப்பாதை மாதிரியான குறிப்பிட்ட பள்ளங்களுக்கு மோட்டார் சரி. ஊருக்கே மோட்டார் என்பது திட்டம் ஆகாது.

அப்போ என்னதான் பண்ணணும்?

தண்ணீரை வேகமாக விரட்டுவதை விட்டுவிட்டு, விழுந்த இடத்திலேயே சில மணி நேரம் நிறுத்திவைத்து, ஆறு இறங்கியபின் மெதுவாக விடுவது. உலகம் முழுக்க நகர வடிகால் திட்டமிடல் இப்போது இந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கிறது. 'நீடித்த மழைநீர் வடிகால்' என்று அறிக்கைகளில் வருவது இதைத்தான். பேர் புதுசு. நம்ம ஊருக்கு வேலை பழசு.

கோயில் குளம் எதற்கு என்று கேட்டால் தீர்த்தம், தெப்பம் என்போம். மாடவீதிகளில் விழும் மழையை வாங்கிக்கொள்வதும் அதன் வேலைதான். வரத்து வாய்க்கால், நிரம்பினால் வெளியேறப் போக்கு வாய்க்கால் என்று இரண்டும் இருக்கும். சிதம்பரத்தில் நடராஜர் கோயிலின் உபரி நீர் வெளியேற நிலத்தடி வாய்க்கால்களே இருந்ததாக வரலாற்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 2020 டிசம்பர் 4 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், புரெவி புயல் சமயத்தில், சிதம்பரத்தில் 34 செ.மீ. மழை. கோயிலுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழைய வாய்க்கால்கள் தூர்ந்துபோன பேச்சு அப்போதுதான் பெரிதாக எழுந்தது.

பழசைப் புகழ்ந்தால் மட்டும் தண்ணீர் வடியாது. மேலே போட்ட கணக்கையே தொடர்வோம். ஒரு மணி நேரத்தில் ஓடிவருவது நாலரைக் கோடி லிட்டர். நல்ல நிலையில் உள்ள நாலு பெரிய வடிகால் ஒன்றரைக் கோடி லிட்டர் கொண்டுபோகும் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் மூன்று கோடியை எங்கே நிறுத்துவது?

அந்தச் சதுர கிலோமீட்டருக்குள் ஐந்து ஏக்கர் அளவுக்குக் குளங்கள் இருந்து, அவற்றின் மேல் அரை மீட்டர் காலியாக இருந்தால் ஒரு கோடி லிட்டர். பள்ளி மைதானம், பூங்கா, காலி அரசு நிலம் என்று ஏழெட்டு ஏக்கரை முழங்காலுக்குக் கீழே, ஓர் அடி மட்டும் தாழ்த்தி வைத்தால் இன்னொரு 90 லட்சம். ஐயாயிரம் வீடுகள் ஆளுக்கு 2,000 லிட்டர் பிடித்தால் ஒரு கோடி. கணக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது.

இது உதாரணக் கணக்குத்தான். நிஜத்தில் தெருவுக்குத் தெரு மாறும். ஆனால் ஒன்று புரிகிறது, இல்லையா? எந்த ஒன்றும் தனியாகப் போதாது, சேர்ந்தால் நடக்கிற காரியம். அந்த 2,000 லிட்டரும் பெரிய விஷயம் இல்லை. 1,200 சதுர அடி மனையில் 10 செ.மீ. மழை பெய்தால் விழுவது 11,000 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு தண்ணீர் லாரி. அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் கேட்கிறோம்.

மழைநீர் சேகரிப்புதான் 2003-லேயே வந்துவிட்டதே?

வந்தது. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. நாட்டுக்கே முன்மாதிரி என்று சொல்லத் தகுந்த வேலை. ஆனால் அதன் நோக்கம் நிலத்தடி நீர். வெள்ளம் அல்ல. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

கடலூர் மணற்பாங்கான ஊர். அக்டோபரில் முதல் மழைக்கு உறைகிணற்றுக்குழி நன்றாகவே உறிஞ்சும். கார்த்திகையில், நிலத்தடி நீர் தரைக்குப் பக்கத்தில் ஏறி வந்தபின், அதே குழி நிரம்பித் ததும்பி நிற்கும். பெரிய மழை வருவதும் அப்போதுதான். அதனால் இங்கே உறிஞ்சும் குழியை மட்டும் நம்ப முடியாது. தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு, சின்னத் துவாரம் வழியாக மெதுவாக விடும் தொட்டியும் வேண்டும்.

குளத்துக்கும் இதே சிக்கல். ஆடி, ஆவணியில் குளம் நிரம்பியிருந்தால் நமக்கு சந்தோஷம். ஆனால் நிரம்பி வழியும் குளம் வெள்ளத்துக்கு உதவாது. ரெட் அலர்ட் வந்ததும் மதகைத் திறந்து ஒன்றரை அடி இறக்கிவைக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு அதிகாரம் வேண்டும். தூர்வாரி, நடைபாதை போட்டு, கலர் விளக்கு வைத்துத் திறந்துவிடும் 'குளம் அழகுபடுத்தும்' பணிகளில் பலவற்றில் இந்த மதகைத்தான் காணோம். சுற்றிலும் சுவர் எழுப்பித் தெருத்தண்ணீர் உள்ளே வர வழியே இல்லாமல் செய்த குளங்களும் உண்டு. அது குளம் இல்லை, பெரிய தொட்டி.

வெளியூரில் எப்படிச் செய்கிறார்கள்?

2010-ல் சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலையில் வெள்ளம் புகுந்தது. அங்கேயும் முதலில் வந்த யோசனை, கால்வாயை அகலப்படுத்துவது. கடைவீதிக்கு நடுவில் அதற்கு இடம் கிடையாது. கடைசியில் மேட்டுப்பகுதியில், தாவரவியல் பூங்காவை ஒட்டி, 38,000 கன மீட்டர் பிடிக்கும் தொட்டியைப் பூமிக்கடியில் கட்டினார்கள். 2014 முதல், 0.2 ஹெக்டேர் அதாவது அரை ஏக்கருக்கு மேற்பட்ட இடத்தில் புதிதாகக் கட்டுபவர், தன் மனையிலிருந்து பொதுக் கால்வாய்க்குப் போகும் உச்ச ஓட்டத்தைக் குறைத்துக் காட்டவேண்டும். திருப்பாதிரிப்புலியூருக்கு இந்த விதியின் தத்துவம் பொருந்தும்: தண்ணீரை உண்டாக்கியவரே கொஞ்ச நேரம் வைத்திருக்கட்டும்.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 2011 ஜூலையில் சில மணி நேரத்தில் 13 செ.மீ.-க்கு மேல் பெய்தது. அடுத்த ஆண்டே தனித் திட்டம் போட்டார்கள். அங்கே எங்ஹாவே என்ற பழைய பூங்காவைச் சுற்றித் தடுப்பு எழுப்பி, உள்ளே விளையாட்டுத் திடலைத் தாழ்த்தி, 2.2 கோடி லிட்டருக்கு மேல் பிடிக்கும்படி மாற்றினார்கள். மழை இல்லாத நாளில் பிள்ளைகள் பந்து விளையாடும் இடம் அது.

சென்னையிலும் பஞ்சுப் பூங்காக்கள், கிண்டி ரேஸ் கிளப் நிலத்தில் வெட்டிய குளங்கள் என்று இந்த யோசனை வந்துவிட்டது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாக இருக்காது. 'பஞ்சு நகரம்' என்று பேரெடுத்த சீனாவின் செங்சோ நகரில் 2021 ஜூலை 20-ல் ஒரே மணி நேரத்தில் 20 செ.மீ. கொட்டியபோது சுரங்க ரயிலுக்குள்ளேயே ஆட்கள் இறந்தார்கள். எந்தப் பஞ்சுக்கும் ஓர் அளவு உண்டு. ஃபெஞ்சல் மாதிரி மழைக்கு, சாத்தனூர் மாதிரி திறப்புக்கு, இந்த ஏற்பாடு ஈடுகொடுக்காது. அதற்கு முன்னெச்சரிக்கையும் ஆட்களை வெளியேற்றுவதும்தான். ஆனால் வருஷத்துக்கு ஐந்தாறு தடவை வரும் சாதாரண கனமழையில் வீட்டுக்குள் சாக்கடை வருவதை நிறுத்த முடியும். அதுவே பெரிய காரியம்.

ரோடு ஏறியது, வீடு இறங்கியது

பழைய தெருக்களில் வாசற்படி ரோட்டுக்குக் கீழே போயிருப்பதைப் பார்க்கலாம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு வந்த வினை. சுரண்டிவிட்டுத்தான் போடவேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அதிகாரிகளுக்கு எழுத்துமூலம் அறிவுறுத்தினார். வசதி இருப்பவர் வீட்டை இடித்து மூன்று அடி உயர்த்திக் கட்டிவிடுகிறார். அவர் வாசலில் நின்ற தண்ணீர் பக்கத்து ஓட்டுவீட்டுக்குப் போகிறது. தெரு வெள்ளம் கடைசியில் யார் வீட்டில் போய் நிற்கும் என்பதை இப்படி நாமே தீர்மானித்துவிடுகிறோம்.

அடுத்தது கழிவுநீர். மழைநீர் வடிகாலில் வீட்டுக் கழிவுநீரை விட்டால் அது வருஷம் முழுக்க நிறைந்தே இருக்கும், மழைக்கு இடம் இருக்காது. அந்தத் தண்ணீரைக் குளத்துக்கும் திருப்ப முடியாது. மறுபக்கம், மொட்டைமாடிக் குழாயைப் பாதாளச் சாக்கடையில் இணைத்துவிடும் வீடுகள். மழை நாளில் மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு கழிவுநீர் பொங்குவதற்கு அதுவும் காரணம். இரண்டையும் பிரிக்காமல் மேலே சொன்ன எதுவும் வேலைக்கு ஆகாது. செலவு பிடிக்கும், ஓட்டு வாங்கித் தராத வேலை இது. அதனால்தான் தள்ளிப்போகிறது என்பது என் கணிப்பு.

யாரைக் கேட்பது?

ஒரு துளி மழை பாடலீஸ்வரர் கோயில் பக்கம் விழுந்து கெடிலத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்தெரு வடிகால் மாநகராட்சியுடையது. பெரிய ரோட்டோர வடிகால் நெடுஞ்சாலைத் துறையுடையது. தண்டவாளத்துக்கு அடியில் போகும் குழாய் ரயில்வேயுடையது. கோயில் குளம் இந்து சமய அறநிலையத் துறையுடையது. ஆறு நீர்வளத் துறையுடையது. ஒவ்வொருவரும் தன் துண்டை ஒழுங்காகக் கட்டியிருக்கலாம். ஒரு துண்டின் முடிவும் அடுத்த துண்டின் தொடக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மேல் வடிகாலைவிடக் கீழ் வடிகால் அரை அடி உயரமாக இருந்தால் நடுவில் இருக்கும் தெரு குளம்தான்.

2021-ல் கடலூர் மாநகராட்சி ஆனது. 45 வார்டு. மாநகராட்சிகளில் வார்டு குழுவும் அதற்குக் கீழே பகுதி சபையும் கூட்டவேண்டும் என்ற ஏற்பாடு 2022 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்தக் கூட்டத்தில் பொதுவாக எழும் கோரிக்கை, "எங்க தெருவுக்கு வடிகால் வேணும்" என்பது. அதோடு மூன்று விஷயம் சேர்த்துக் கேளுங்கள்.

இந்த வடிகால் எங்கே போய் விழுகிறது, அங்கே அதன் அடிமட்டம் எத்தனை மீட்டர்? 2024 டிசம்பரில் அதே இடத்தில் ஆற்றின் மட்டம் எத்தனை? ஆறு மேலே இருக்கும் நேரத்தில் எங்கள் தெருத் தண்ணீர் எந்த இடத்தில் நிற்கும் என்று வரைபடத்தில் குறித்திருக்கிறீர்களா?

மூன்றாவது கேள்விக்குப் பதிலாக மைதானமோ, குளமோ, காலி மனையோ காட்டினால் நல்லது. பதில் இல்லை என்றால், அந்த இடம் உங்கள் வீட்டு வாசல். ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்னால் கேட்டால்தான் மாற்ற முடியும். காங்கிரீட் போட்டபிறகு கேட்டால் மழை முடிந்ததும் மோட்டார்தான் அனுப்புவார்கள்.